மின்னும் தகட்டில் எங்கள் ஏரி

சாப்பிட்டு முடித்ததும் எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு முறை முகம் பார்க்காத பிள்ளை நம்மில் உண்டா? தட்டின் நடுவில் பார்த்தால் முகம் ஓரளவு சரியாகத் தெரியும். விளிம்பருகே பார்த்தால் மூக்கு நீண்டு, காது அகன்று, நம்மைப் பார்த்து நாமே சிரித்துவிடுவோம். கரண்டியின் குழியில் பார்த்தாலோ தலைகீழாகவே நிற்போம்! விளையாட்டாகத் தோன்றும் இந்த மினுமினுப்பை வைத்துக்கொண்டு மலையையும் மரத்தையும் நீரையும் சுவரில் படைக்கும் கலை ஒன்று உண்டு. உலோகத் தகட்டை வெட்டி, தட்டி, வளைத்து, தேய்த்து, ஒளியே வண்ணமாக விளங்கும்படி அமைக்கும் சுவர்ச் சிற்பக் கலையே அது. அதைப் பற்றி நாங்கள் படித்தவற்றையும், பார்த்தவற்றையும், கையைச் சுட்டுக்கொண்டு கற்றவற்றையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் என்றால் பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்து பள்ளிக்கு வருகிறவர்கள். எங்களைச் சுற்றி இரண்டு பொருள்கள் நிறைய உண்டு. ஒன்று இரும்பு, மற்றொன்று ஏரி. 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வேரூன்றியது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, இராணுவத்துக்கு டாங்கிகள் செய்யத் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை இங்கே இருக்கின்றன. ஆகவே, உலோகத்தில் ஓர் ஏரியைச் செய்து பள்ளிச் சுவரில் மாட்டலாம் என்று ஓவிய ஆசிரியை சொன்னபோது, "நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு ஏது?" என்று துள்ளினோம்.

உலோகம் ஏன் மின்னுகிறது?

ஒரு கல்லை எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளித் தட்டைப்போல ஒளிர்வதில்லை. காரணம் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. உலோகத்தில் சில எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவோடும் கட்டுப்படாமல் தாராளமாகத் திரிகின்றன. ஒளி வந்து படும்போது இவை அதனுடன் சேர்ந்து அதிர்ந்து, வந்த ஒளியின் பெரும்பகுதியை வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நன்கு மெருகேற்றிய வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கைத் திருப்பி அனுப்பும். அலுமினியம் ஏறத்தாழ 90 பங்கு. எவர்சில்வர் அதைவிடக் குறைவு. செம்பு மட்டும் நீலத்தையும் பச்சையையும் ஓரளவு விழுங்கிவிட்டுச் சிவப்பையும் மஞ்சளையும் நமக்குத் தருகிறது. அதனால்தான் செம்புக் குடம் மாலை வெயிலைப்போலச் சிவந்திருக்கிறது.

ஆனால் உலோகமாக இருந்தால் மட்டும் போதாது. மேற்பரப்பும் வழவழப்பாக இருக்க வேண்டும். விழும் கோணமும் எதிரொளிக்கும் கோணமும் சமம் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பரப்பு வழவழப்பாக இருந்தால் எல்லாக் கதிர்களும் ஒழுங்காகத் திரும்பும். நம் முகம் தெரியும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு திசையில் ஓடும்; வெளிச்சம் இருக்கும், உருவம் இராது. காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன் வரிசையாக நிற்கும் நம்மையும், மாலையில் கடைசி மணி அடித்ததும் வாசலுக்கு ஓடும் நம்மையும் நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்!

எவ்வளவு வழவழப்பு வேண்டும் தெரியுமா? ஒளியின் அலைநீளம் நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். தகட்டில் உள்ள மேடு பள்ளங்கள் அதைவிடவும் சிறியனவாக இருந்தால்தான் அது கண்ணாடி ஆகும். ஆகவே, மெருகேற்றுவது சாதாரண வேலை அல்ல.

கண்ணாடிக்கு முன் இருந்த கண்ணாடி

இன்று நாம் முகம் பார்ப்பது வெள்ளியோ அலுமினியமோ பூசிய கண்ணாடியில். பழங்காலத்தில் முகம் பார்த்ததே உலோகத் தகட்டில்தான். விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரத்தின் வாசலில் பணி செய்த பெண்கள் தங்கள் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுக்க, அவற்றைக் கொண்டு கழுவும் தொட்டி செய்யப்பட்டதாகக் காண்கிறோம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது கண்ணாடியில் மங்கலாகக் காண்பதைக் குறிப்பிடுகிறார். கண்ணாடியில் ஏன் மங்கலாகத் தெரிய வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் கேட்டதுண்டு. அவர் சொன்னது உலோகக் கண்ணாடியை! அதில் உருவம் தெரியும். ஆனால் நம் வீட்டுக் கண்ணாடியின் தெளிவு இராது.

அந்தக் கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்து ஆரன்முளையில் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்துக் கண்ணாடி செய்கிறார்கள். கலவையின் அளவு சில குடும்பங்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். நம் வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் நிழலுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். ஏனெனில் பூச்சு கண்ணாடியின் பின்புறம் இருக்கிறது. ஆரன்முளைக் கண்ணாடியில் முன்புறமே எதிரொளிப்பதால் விரலும் நிழலும் ஒட்டிக்கொள்ளும்.

சுவருக்கு ஏறிய தகடு

தகட்டில் உருவம் எழுப்புவது தமிழகத்துக்குப் புதிதல்ல. திருமணத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் பரிசாகக் கிடைக்கும் தஞ்சாவூர்த் தட்டைப் பாருங்கள். அடியில் பித்தளைத் தட்டு. அதன்மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைத்து நிற்கும் உருவங்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் இக்கலை வளர்ந்தது என்று சொல்வார்கள். கோயில்களில் திருவுருவங்களுக்குச் சாத்தும் வெள்ளிக் கவசமும் இதே வகையான வேலைதான்.

இது எப்படி நடக்கிறது? குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் ஆகியவற்றைச் சூடாக்கிக் கலந்து ஒரு படுக்கை அமைப்பார்கள். இளஞ்சூட்டில் அது மெழுகுபோல இளகும், ஆறினால் இறுகும். அதன்மேல் தகட்டைக் கவிழ்த்துவைத்து, பின்புறத்திலிருந்து உளியாலும் சிறு சுத்தியாலும் தட்டுவார்கள். பின்னால் பள்ளமாவது முன்னால் மேடாகும். பிறகு தகட்டைத் திருப்பி, முன்புறத்தில் கோடுகளையும் நுணுக்கங்களையும் செதுக்குவார்கள். தட்டத் தட்டத் தகடு விறைத்துப் போகும். அப்போது நெருப்பில் காட்டி மீண்டும் இளக்க வேண்டும். இல்லையேல் விரிந்து கிழிந்துவிடும். அடியும் ஓய்வும் மாறி மாறி வந்தால்தான் தகடு உருவம் பெறும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கல்லூரி

பூந்தமல்லியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் பெரியமேட்டில் ஒரு சிவப்புக் கட்டடத்தைக் கடந்து போவார்கள். அதுவே அரசு கவின்கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளி அது. நம் சமையலறைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1898ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் சேட்டர்டன் என்பவர் அங்கேதான் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யக் கற்றுக் கொடுத்தார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கம் அதுதான். கலைப் பள்ளியில் பிறந்த தொழில் என்று அதைச் சொல்லலாம்.

1957 முதல் 1967 வரை அப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகக் கலையைக் கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். கைவினைப் பொருள்கள் செய்து விற்றுக் கிடைத்த பணத்தைச் சேர்த்து, 1966ஆம் ஆண்டில் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் கலைஞர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர்தான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் சென்றார்கள். 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், வெளியே மரநிழலில் நிற்கும் சிற்பங்களும் எங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

அந்த இயக்கத்தில் இருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் பி.வி. ஜானகிராம் (1930-1995). செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, கம்பிகளைப் பற்றவைத்து, கோயில் கவசத்தின் முறையிலேயே புதிய உருவங்களைப் படைத்தவர். இயேசு பெருமானின் திருவுருவத்தையும் அவர் செப்புத் தகட்டில் செய்திருக்கிறார். மற்றவர் பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946-2017). அவர் முதலில் படித்தது ஓவியம் அன்று. இலயோலா கல்லூரியில் இயற்பியல்! பிறகே கலைப் பள்ளிக்குச் சென்றார். செம்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றைப் பற்றவைத்து, மரமும் பறவையும் தெய்வமும் ஒன்றாய்க் கலந்த உருவங்களை எழுப்பினார். இவர்களுடைய சிற்பங்களுக்கு முன்புறம்தான் முக்கியம். சுற்றிவந்து பார்ப்பதற்காக அன்றி, எதிரே நின்று பார்ப்பதற்காக அமைந்தவை. சுவர்ச் சிற்பத்துக்கு அடிப்படை விதியும் அதுதானே? "இயற்பியலும் கலையும் எதிரிகள் என்று யார் சொன்னது?" என்று எங்கள் அறிவியல் ஆசிரியை பேருந்தில் திரும்பும்போது பெருமையுடன் கேட்டார்.

எங்கள் ஏரி உருவான கதை

சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பறவை, மரம், பொழுது உண்டு. எங்கள் வட்டாரம் வயலும் நீர்நிலையும் சேர்ந்த மருதம் என்பது தமிழாசிரியையின் தீர்ப்பு. வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டாலும் ஏரிகள் சில எஞ்சியிருக்கின்றன. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி 2019ஆம் ஆண்டில் பசுமைப் பூங்கா அமைத்தார்கள். ஓர் ஞாயிறு மாலை திருப்பலி முடிந்து நாங்கள் அங்கே போய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். கூழைக்கடாக்கள் மிதந்தன. எதிர்க்கரைப் பனைமரங்கள் நீரில் தலைகீழாய் நின்றன. விளக்குகள் ஏற்றப்பட்டதும் ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு நீண்ட ஒளிக்கோடு நம்மை நோக்கி வந்தது. இதையே செய்வது என்று முடிவு செய்தோம்.

ஆறடி நீளம், மூன்றடி உயரம் உள்ள பலகை ஒன்றை எடுத்துக்கொண்டோம். கைச்செலவுக் காசைச் சேர்த்துக் காயலான் கடையில் எடைக்குத் தகடு வாங்கினோம். வானத்துக்கு இரும்புத் தகடு, பனைக்குப் பித்தளை, பறவைகளுக்குச் செம்பு, நீருக்கு எவர்சில்வர். வானத்துக்கு வண்ணம் பூசவில்லை. நன்கு தேய்த்த இரும்பைக் கேஸ் அடுப்பில் சீராகச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, இறுதியில் நீலம் என்று நிறம் மாறும். தகட்டின்மேல் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. மழைநீரில் சிந்திய பெட்ரோல் வானவில்லாய்த் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆசிரியை இடுக்கியால் பிடித்துக் காட்ட, அந்தி வானம் முழுவதும் ஒரே தகட்டில் தோன்றியது! நிறம் மங்காதிருக்க மேலே மெல்லிய வார்னிஷ் பூசினோம். பறவைகளை மணல் நிரப்பிய சாக்கின்மேல் வைத்துத் தட்டிப் புடைக்கவைத்தோம். முதல் இரண்டு கூழைக்கடாக்கள் வாத்துகளாகிவிட்டன.

எஞ்சியது நீர். எவர்சில்வரைக் கண்ணாடிபோல் மெருகேற்ற எங்களால் இயலவில்லை. எமரித் தாளால் இரண்டு நாள் தேய்த்ததில் எங்கள் விரல்கள்தாம் வழவழப்பாயின.

பட்டறையில் கண்டது

அப்போது எங்களுள் ஒருத்தி தயங்கித் தயங்கி, "எங்கள் அப்பா செய்து கொடுப்பார்" என்றாள். ஒன்பது ஆண்டுகளாக எங்களுடன் படிப்பவள். அவள் தந்தை ஒரு 'கம்பெனி'யில் வேலை பார்ப்பதாகத்தான் எங்களுக்குத் தெரியும். பள்ளிப் படிவங்களிலும் அவள் அப்படியே எழுதிவந்தாள். அவர் பாத்திரங்களுக்கும் இயந்திரப் பாகங்களுக்கும் பாலீஷ் போடும் சிறு பட்டறை ஒன்றில் பஃபிங் வேலை செய்கிறவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை ஆசிரியையுடன் சென்றோம். மோட்டாரின் இரு பக்கமும் சக்கரங்கள் நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் சுழன்றுகொண்டிருந்தன. முதலில் எமரி ஒட்டிய சக்கரம். எமரிக்கு எண் உண்டு. 80 என்றால் முரடு, 400 என்றால் மென்மை. எண் கூடக் கூடக் கீறல் சிறிதாகும். ஒவ்வொரு எமரியும் முந்தைய எமரியின் கீறலை அழிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் இறுதியில் அந்தக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் நார்ச் சக்கரம். அதன்பின் துணிகளை அடுக்கித் தைத்த சக்கரம். துணிச் சக்கரத்தில் ஒரு பச்சை நிற மெழுகுக் கட்டியை அழுத்துகிறார்கள். அதில் மிக நுண்ணிய குரோமியம் ஆக்சைடு தூள் இருக்கிறது. அது படப்பட, மங்கலாயிருந்த தகட்டில் முதலில் விளக்கு தெரிந்தது. பிறகு ஜன்னல் தெரிந்தது. பிறகு எங்கள் ஐந்து முகங்களும் தெரிந்தன.

தகட்டைப் பிடித்திருந்தவர் முகம் மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. கறுத்த தூசு கண் இமைவரை படிந்திருந்தது. மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தார். "அங்கிள், இந்தத் தூசு உள்ளே போகாதா?" என்று கேட்டோம். "போகத்தாம்மா செய்யும். மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுன்னு விட்டுடறோம்" என்றார். 2020ஆம் ஆண்டில் நாமெல்லாரும் மூச்சு முட்ட முகக்கவசம் அணிந்தோம், தொற்றுக்குப் பயந்தோம். உலோகத் தூசும் நுரையீரலுக்குப் பகைதான் என்பதை அன்று யாரும் அவருக்கு அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. தூசை உறிஞ்சும் குழாயும், தூசு வடிகட்டும் நல்ல முகக்கவசமும் இப்பட்டறைகளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை அறிவியல் ஆசிரியை அங்கேயே விளக்கினார்.

"நீங்கள் பாலீஷ் போட்ட பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் சற்று யோசித்து, "இல்லம்மா. எல்லாம் வண்டியில ஏறிப் போயிடும்" என்றார். எங்கள் தோழி வாய் திறக்கவில்லை. குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு மாலைப் பொழுது கூலி வாங்காமல் உழைத்து, எங்கள் ஏரியைக் குளிர்ந்த கண்ணாடியாக ஆக்கிக் கொடுத்தார்.

ஏரி செய்த குறும்பு

சிற்பத்தை முற்றத்துச் சுவரில் மாட்டினோம். எல்லாரும் புகழ்ந்தார்கள். மறுநாள் மூன்றாம் பாடவேளையில் எதிர்க் கட்டடத்தின் ஏழாம் வகுப்பில் ஒரே கூச்சல். வெயில் எங்கள் ஏரியில் பட்டு, ஜன்னல் வழியே அவர்கள் கண்ணில் அடித்தது! ஏரி என்பதற்காக நாங்கள் தகட்டைச் சற்றுக் குழிவாக வளைத்திருந்தோம். குழியாடி ஒளியைக் குவிக்கும் என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாங்கள், சுவரில் மாட்டும்போது அதை மறந்துவிட்டோம். ஒரு சிறுமி கையை நீட்டிப் பார்த்துச் "சுடுகிறது" என்றாளாம். தலைமை அருட்சகோதரி சிற்பத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் படிக்க வேண்டுமே" என்ற அவர்கள் சொல்லை எங்களால் மறுக்க முடியவில்லை.

இத்தவறு எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று பின்னர் அறிந்தோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 2003ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி இசை அரங்கம் திறக்கப்பட்டது. ஃபிராங்க் கெரி என்னும் பெரும் கட்டடக் கலைஞர் அமைத்தது. அதன் வெளிப்புறம் வளைந்து வளைந்து செல்லும் எவர்சில்வர் தகடுகள். அவற்றுள் கண்ணாடிபோல் மெருகேற்றிய குழிவான சில தகடுகள் வெயிலைக் குவித்து, அருகிலிருந்த குடியிருப்புகளைச் சூடாக்கின. இறுதியில் 2005ஆம் ஆண்டில் அத்தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். பெரியவர்களே தவறும்போது பள்ளிச் சிறுமியர் எம்மாத்திரம்!

எங்களுக்கும் அதுவே வழி. ஆனால் தேய்த்து மங்கச் செய்யுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு மாலை உழைத்து அந்த மெருகை ஏற்றியவரிடமே அல்லவா? எங்கள் தோழிதான் வீட்டில் சொன்னாள். அவர் மறுசனிக்கிழமை பள்ளிக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவரை, தலைமை அருட்சகோதரி உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "இதுக்கு என்னம்மா? பிள்ளைங்க கண்ணுதான் முக்கியம். கோடு விட்டுத் தர்றேன்" என்று சொல்லித் தகட்டைக் கீழே இறக்கினார். தாம் போட்ட பாலீஷைத் தாமே எமரியால் இழுத்து அழிக்கத் தொடங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். முதல் கீறல் விழுந்தபோது எங்களுக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. அவர் கை நடுங்கவில்லை. முதலில் குழிவைத் தட்டி நிமிர்த்தினார். பிறகு இடமிருந்து வலமாக, ஒரே சீராக, மெல்லிய கோடுகள். "ஒரே பக்கமா இழுக்கணும், திரும்பி வரக் கூடாது" என்று மகளுக்கும் கற்றுக் கொடுத்தார். கடைசி ஓரடிப் பரப்பை அவளே இழுத்து முடித்தாள்.

இங்கேதான் வியப்பு! கிடைக்கோடுகள் விழுந்த தகட்டில் வெயில் பட்டால் என்ன ஆகும்? ஒளி, கோடுகளின் திசையில் சிதறாமல், அவற்றுக்குக் குறுக்காக, அதாவது மேலும் கீழுமாகச் சிதறுகிறது. ஆகவே ஒரு விளக்கின் நிழல் ஒரு புள்ளியாகத் தெரியாமல் நீண்ட செங்குத்துக் கோடாகத் தெரியும். ஏரியிலும் இதுவே நடக்கிறது. காற்றில் எழும் சிற்றலைகள் நம் கண்ணுக்குக் கிடைக்கோடுகளாய்ப் படிந்திருக்க, கரையிலுள்ள விளக்கின் ஒளி நம்மை நோக்கி நீண்டு வருகிறது. பருத்திப்பட்டுக் கரையில் நாங்கள் கண்ட அதே ஒளிக்கோடுகள் எங்கள் தகட்டில் வந்து நின்றன! கண்ணாடியாக இருந்தபோது அது வெறும் தகடு. கோடு விழுந்தபின் தண்ணீர் ஆயிற்று.

முடிவாக

உலகில் பெரும் சிற்பங்கள் இவ்வழியில் எழுந்துள்ளன. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அமைத்த 'மேக வாயில்' என்னும் சிற்பம் 2006ஆம் ஆண்டில் முடிவடைந்தது. 168 எவர்சில்வர் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பே தெரியாதபடி மெருகேற்றியிருக்கிறார்கள். பத்து மீட்டர் உயரமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள அதில் வானமும் மேகமும் நகரமும் தெரிகின்றன. அங்கும் இணைப்புகளைத் தேய்த்து மறைத்த கைகள் பல இருந்திருக்கும். பார்க்கிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் சிற்பம் இப்போது நூலகத்துக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து புகார் இல்லை. அதன் கீழே ஒரு சிறு தகட்டில் எங்கள் வகுப்பின் பெயரைப் பொறித்தோம். அதற்கு மேலே, "மெருகேற்றியவர்" என்று எங்கள் தோழியின் தந்தை பெயரைப் பொறித்தோம். அவள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பாலீஷ் தொழிலாளி' என்று எழுதினாள். யாரும் சொல்லி எழுதவில்லை. பெற்றோர் தினத்தன்று அவர் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியுடன் வந்து, அந்தத் தகட்டின் முன் வெகுநேரம் நின்றார். அவர் மெருகேற்றிய பொருள்களுள் வண்டியில் ஏறிப் போகாமல் அவர் கண்முன் தங்கியது இது ஒன்றுதான்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது, அதிலுள்ள குரோமியம் காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாய் மேலே படர்ந்து காப்பதால்தான். கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் படர்ந்துகொள்ளும். ஏரிக்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தால் அதில் வானம் தெரியாது; நாம்தான் காக்க வேண்டும். பட்டறையில் நிற்பவரின் நுரையீரலுக்கும் அப்படித் தானே படரும் காப்பு இல்லை. நாங்கள் ஐவரும் அடுத்துச் சேர்த்த காசில் அந்தப் பட்டறைக்குத் தூசு வடிகட்டும் முகக்கவசங்கள் வாங்கிக் கொடுத்தோம். அவர் அணிகிறாரா என்று அவர் மகள் தினமும் கேட்கிறாளாம்.

இன்றிரவு சாப்பிட்டு எழுந்ததும் தட்டைக் கழுவித் துடைத்து அதில் முகம் பாருங்கள். உங்கள் முகம் தெரியும். அதைத் தெரியவைத்த இன்னொரு முகமும் எங்கோ ஒரு பட்டறையில் இருக்கிறது. அதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி